பெயரைக் காப்பவர்க்கே விலை: மலைநாட்டு மாட்டிறைச்சியும் உயர்விலைச் சந்தையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மாடு வளர்ப்பவரின் வாழ்வு உயர வேண்டும் என்ற எண்ணத்தில் ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளை இது. அதன் பெயரால் பேச என்னை அழைத்தமைக்கு நன்றி. ஒரு வட்டாரத்தில் மாட்டிறைச்சி உற்பத்தி செய்யும் சிறு வளர்ப்பாளர்கள், பெருஞ்சந்தையோடு விலையில் மோதாமல், தங்களுக்கென்று சிறியதொரு உயர்விலைச் சந்தையை எவ்வாறு உருவாக்கிக்கொள்கிறார்கள் என்பதே இன்றைய பொருள். ஜப்பானின் ஹியோகோ மாநிலத்துத் தாஜிமா மாட்டையும், அதிலிருந்து கிடைக்கும் கோபே இறைச்சியையும் நடுவில் வைத்துப் பேசுகிறேன். பிரான்சின் ஒரு மலைப்பகுதியையும் ஸ்காட்லாந்தையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல சுவை இருந்தால் நல்ல விலை தானே வரும் என்று நம்புவோர் பலர். சுவை வேண்டும், ஆனால் அது போதாது. தங்கள் தொழுவத்திலிருந்து வந்த மாடே ஆனாலும், தரம் குறைந்ததை 'இது நம் ஊர்ப் பெயரில் போகக் கூடாது' என்று ஒதுக்கி வைக்கும் கட்டுப்பாடு எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ, அங்கேதான் உயர்விலை நிலைக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டில் வளர்ப்பவருக்கும் கை இருந்தால்தான் அந்த விலையில் ஒரு பங்கு அவர் வீட்டுக்கு வருகிறது.

பெருஞ்சந்தையின் கணக்கு

அமெரிக்காவில் கொழுக்க வைத்து இறைச்சிக்கு அனுப்பப்படும் மாடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை நான்கே நிறுவனங்கள் வெட்டுகின்றன. அங்கே மாடு வளர்ப்பவர் விலை சொல்வதில்லை. சொன்ன விலையைக் கேட்டுக்கொள்கிறார். அத்தகைய சந்தையில் வெல்லும் வழி ஒன்றுதான்: அடுத்தவரைவிடக் குறைந்த செலவில், அதிக எடையில் மாட்டைக் கொடுப்பது. பத்து மாடு வைத்திருப்பவர் பத்தாயிரம் மாடு வைத்திருப்பவரோடு அந்தப் போட்டியில் நிற்கவே முடியாது.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அந்தப் பெரிய வெட்டுக்கூடங்கள் சில வாரங்கள் மூடப்பட்டன. கடைகளில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு. பண்ணைகளிலோ விற்க முடியாத மாடுகள். வளர்ப்பாளர்கள் சிறிய உள்ளூர் வெட்டுக்கூடங்களைத் தேடி ஓடியபோது பல இடங்களில் மாதக்கணக்கில் முன்பதிவு நிறைந்திருந்தது. வட்டார இறைச்சிக்குத் தனிச் சந்தை வேண்டும் என்று பேசுகிறவர்கள் அனைவரும் இந்தச் செய்தியை மனத்தில் வைக்க வேண்டும். அருகில் வெட்டுக்கூடமும் குளிர்ப்பதன அறையும் தேர்ந்த வெட்டுநரும் இல்லாத ஊரில் உயர்விலைச் சந்தை என்பது பேச்சோடு நின்றுவிடும்.

தாஜிமா பள்ளத்தாக்கு

ஹியோகோ மாநிலத்தின் வடபகுதி தாஜிமா. மலையும் பனியும் நிறைந்த நாடு. அங்கே வீட்டுக்கு ஓரிரு மாடுகளை மட்டும் வைத்து, படிக்கட்டு வயல்களில் உழுதார்கள். சிறிய உடல், உறுதியான கால், நீண்ட ஆயுள், ஆண்டுதோறும் ஒரு கன்று என்பவையே அந்த மாட்டுக்குப் பெருமை. இறைச்சி பற்றிய எண்ணம் அங்கே இருந்ததில்லை. கி.பி. 675இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை உள்ளிட்ட சில விலங்குகளின் இறைச்சியை உண்ணத் தடை விதித்தார். அதன் பின் பல நூற்றாண்டுகள் பௌத்த மரபும் அரசாணைகளும் சேர்ந்து மாட்டிறைச்சியைப் பொதுவழக்கிலிருந்து விலக்கி வைத்திருந்தன. 1868இல் கோபே துறைமுகம் வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்டது. வந்திறங்கிய அயல்நாட்டார் உள்ளூர் மாட்டின் கறியைச் சுவைத்துப் புகழ்ந்தார்கள். 1872இல் மெய்ஜி பேரரசரே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியானதும் பழைய தடை மனங்களிலும் தளர்ந்தது.

அடுத்து வந்ததுதான் உண்மையான சோதனை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாட்டின் உடலைப் பெருக்க வேண்டும் என்று அரசு ஐரோப்பிய இனங்களோடு கலப்பைத் தூண்டியது. உடல் பெருத்தது, உழவுக்கும் உதவவில்லை, இறைச்சியின் மென்மையும் போயிற்று. சில ஆண்டுகளிலேயே அந்த ஆர்வம் அடங்கியது. அதற்குள் தூய உள்ளூர் மாடு அரிதாகிவிட்டது. ஒஜிரோ பள்ளத்தாக்கின் மேற்கோடியில், போக்குவரத்து எட்டாத அட்சுட்டா என்ற சிற்றூரில் 4 தூய மாடுகள் எஞ்சியிருந்தன என்று தாஜிமா மக்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பகுதியின் வழிவந்த தாஜிரி என்ற காளை 1939இல் பிறந்தது. வாக்யு எனப்படும் ஜப்பானிய மாட்டினங்களின் பதிவுச் சங்கம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாடெங்கும் உள்ள கறுப்பு வாக்யு தாய்ப்பசுக்களில் 99.9 விழுக்காடு அந்த ஒரு காளையின் வழிவந்தவை.

இந்த வரலாற்றில் நாம் பார்க்க வேண்டியது தற்செயலை அல்ல, அதன் பிறகு எடுத்த முடிவை. பிற மாநிலங்கள் வேகமாக வளரும் காளைகளைக் கொண்டுவந்து கலந்து உடல் எடையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, ஹியோகோ தன் மாநிலத்துக் காளைகளை மட்டுமே பயன்படுத்துவது என்று நின்றது. இதனால் எடையில் இழப்பு உண்டு. உறவுக்குள் கலக்கும் ஆபத்தும் உண்டு. அந்த ஆபத்தைச் சமாளிக்க, எந்த வழி எந்த வழியோடு சேரலாம் என்று மாநில ஆய்வு நிலையம் கணக்குப் பார்த்து நடத்துகிறது. தன் மாட்டின் தனித்தன்மைக்காகக் கையில் இருந்த லாபத்தை விட்டுக்கொடுத்த வட்டாரம் அது. தாஜிமா மாடு வளர்க்கும் அந்த மலைநாட்டு முறையை 2023இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது.

கோபே என்னும் பெயரின் விதிகள்

1983இல் வளர்ப்பாளர், ஏலச்சந்தையினர், கறி வணிகர், உணவகத்தார் எல்லோரும் ஒன்றாகி ஓர் ஊக்குவிப்பு மன்றத்தை அமைத்தார்கள். அதுவரை கோபே என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டு விற்கலாம். மன்றம் விதிகளை எழுதியது. மாடு தாஜிமா வழியாக இருக்க வேண்டும். ஹியோகோவில் பிறந்து, அங்கேயே பதிவுபெற்ற வளர்ப்பாளரிடம் வளர்ந்து, அம்மாநிலத்து வெட்டுக்கூடத்திலேயே வெட்டப்பட வேண்டும். ஈனாத கிடாரி அல்லது காயடித்த காளையாக இருக்க வேண்டும். தசைக்குள் இழையோடும் கொழுப்பை 1 முதல் 12 வரை மதிப்பிடும் அளவில் 6க்குக் குறையக் கூடாது. கறி தேறும் அளவுக்கான தரத்தில் ஏ அல்லது பி வாங்க வேண்டும். உரித்த உடலின் எடை 500 கிலோவை எட்டக் கூடாது.

கடைசி விதியைக் கவனியுங்கள். இறைச்சித் தொழிலில் எடைதான் பணம். அந்த எடைக்கு மேல்வரம்பு கட்டிக்கொண்ட வளர்ப்பாளர் கூட்டம் உலகில் வேறு எத்தனை இருக்கும்? கறியின் மென்மை கெடாமல் இருக்க, எடையில் வரும் பணம் வேண்டாம் என்று அவர்களே எழுதிக் கையொப்பமிட்டார்கள்.

விதிக்கு உட்பட்ட உடலில் செவ்வந்தி வகையைச் சேர்ந்த நொஜிகிக்கு மலரின் முத்திரை குத்தப்படும். உட்படாதவை? தாஜிமா மாடாகவே பிறந்து வளர்ந்தாலும் அவற்றுக்குக் கோபே என்ற பெயர் கிடையாது. ஆனால் அவற்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதும் இல்லை. தாஜிமா இறைச்சி என்ற இரண்டாவது பெயர் அவற்றுக்காகக் காத்திருக்கிறது. அந்தப் பெயருக்கும் தனி விதியும் தனி மதிப்பும் உண்டு. இந்த இரண்டு படி அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஒதுக்கப்பட்ட மாட்டுக்கும் ஒரு கௌரவமான விலை இருந்தால்தான், தரம் பார்ப்பவர் அஞ்சாமல் ஒதுக்குவார். வளர்ப்பவரும் சண்டையிடாமல் ஏற்பார். 2015 டிசம்பரில் ஜப்பான் தன் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் முதன்முதலாகப் பதிவுசெய்த பொருள்களில் கோபே, தாஜிமா ஆகிய இரண்டு பெயர்களும் இடம்பெற்றன.

இந்த ஏற்பாட்டின் அருமை 1991இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஜப்பான் மாட்டிறைச்சி இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை நீக்கியது. அமெரிக்க, ஆஸ்திரேலிய இறைச்சி குவிந்தது. பால்பண்ணைக் காளைக் கறியை விற்றுவந்தவர்கள் நேரடியாக அடிபட்டார்கள். அவர்கள் கறியும் இறக்குமதிக் கறியும் வாங்குபவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. பெயரும் விதியும் உள்ள வாக்யு வட்டாரங்கள் தாக்குப்பிடித்தன. கோபே மன்றம் அமைந்து எட்டு ஆண்டுகள் கழித்து வெள்ளம் வந்தது. வெள்ளம் வந்த பிறகு கரை கட்டத் தொடங்கியிருந்தால் பயன் இருந்திருக்காது.

எண்ணும் ஏடும்

2001 செப்டம்பரில் ஜப்பானில் முதன்முறையாகப் பித்த மாட்டு நோய் கண்டறியப்பட்டது. மக்கள் மாட்டிறைச்சியையே ஒதுக்கினார்கள். வளர்ப்பாளர்களைக் காக்க, உள்நாட்டுக் கறியை அரசு வாங்கிக்கொள்ளும் திட்டம் வந்தது. இறக்குமதிக் கறியை உள்நாட்டுக் கறியென்று மாற்றிக் கட்டி அந்தப் பணத்தைப் பெற முயன்ற மோசடி 2002இல் அம்பலமானது. நோயால் போன நம்பிக்கையில் மிச்சமிருந்ததும் பொய்யால் போயிற்று.

2003இல் தடமறிதல் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாட்டுக்கும் பிறந்தவுடன் 10 இலக்க எண். பிறந்த நாள், இனம், தாயின் எண், வளர்ந்த இடங்கள், வெட்டப்பட்ட நாள் எல்லாம் அந்த எண்ணின் கீழ். கடையில் தட்டில் இருக்கும் கறியின் எண்ணைக் கொண்டு, வாங்குபவரே அந்த மாட்டின் வரலாற்றைப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கும் முன்பிருந்தே வாக்யு கன்றுகளின் பதிவுச் சான்றிதழில் மூக்கு ரேகை பதிக்கும் வழக்கம் உண்டு. நம் கைரேகை போல மாட்டுக்கு மாடு அது வேறுபடும்.

ஸ்காட்லாந்தும் இதே பாடத்தைக் கற்றது. அதே நோய் காரணமாக 1996 மார்ச்சில் பிரிட்டனின் மாட்டிறைச்சி ஏற்றுமதி முழுவதையும் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. அதே 1996இல் ஸ்காட்லாந்து மாட்டிறைச்சிக்கு ஐரோப்பாவின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. பிறந்தது முதல் வெட்டுவது வரை சோதிக்கப்பட்ட பண்ணைகளிலேயே இருந்த மாடு என்ற உறுதியை அந்தப் பெயரோடு பிணைத்தார்கள். தென்னமெரிக்காவின் உருகுவே 2006இலிருந்து ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியே பதிவது கட்டாயம் என்றாக்கியது. வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சோதித்துப் பார்க்கக்கூடிய சொல்லுக்குத்தான். சோதிக்க முடியாத விளம்பரத்துக்கு ஒரு முறை பணம் கிடைக்கும், மறுமுறை கிடைக்காது.

முழு மாட்டையும் விற்பது

உயர்விலைச் சந்தைக்குள் நுழையும் புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில். நூறு கிலோ உரித்த உடலில் எலும்பும் மிகைக் கொழுப்பும் போக விற்கக்கூடிய கறி தோராயமாக எழுபது கிலோ. உயர்தர உணவகம் கேட்டு வாங்கும் முதுகு, விலாத் துண்டுகள் அதில் ஒரு சிறு பங்கு. மிக மென்மையான உள்முதுகுத் துண்டு இரண்டு கிலோ அளவுக்கே தேறும். அந்தச் சிறு பங்கை உயர்ந்த விலைக்கு விற்று, தொடையையும் சப்பையையும் கழுத்தையும் சாதாரண விலைக்குத் தள்ளினால் மொத்தக் கணக்கில் நட்டம்தான் மிஞ்சும்.

ஜப்பான் இதைச் சமையலால் தீர்த்தது. சுக்கியாக்கி, ஷாபு-ஷாபு போன்ற உணவுகளில் கறியைத் தாள்போலச் சீவி, சில நொடிகள் மட்டும் வேகவைப்பார்கள். மெல்லச் சீவினால் சப்பையும் தொடையும்கூட மென்மையாகும். சீவலில் மிஞ்சிய துணுக்குகளை உருளைக்கிழங்கோடு சேர்த்து உருட்டிப் பொரித்துக் கறிக்கடை வாசலிலேயே விற்கிறார்கள். குடல், ஈரல் முதலியவற்றுக்குச் சுட்டு உண்ணும் கடைகள் தனியே உண்டு. பெரும்பணம் கொடுக்க முடியாத பள்ளிப் பிள்ளையும் ஒரு பொரித்த உருண்டை வாங்கித் தன் ஊர்க் கறியின் பெயரை அறிந்துகொள்கிறது. வட்டார இறைச்சியை வளர்க்க விரும்புகிறவர்கள் கால்நடை மருத்துவரை அழைப்பதுபோலவே தங்கள் ஊர்ச் சமையற்காரரையும் கறிவெட்டுநரையும் தொடக்கத்திலேயே கூட்டத்துக்கு அழைக்க வேண்டும்.

விலை மலையேற வேண்டும்

வாக்யு வளர்ப்பு இரு கைகளில் நடக்கிறது. மலையூரில் தாய்ப்பசு வைத்திருப்பவர் கன்றை ஏறத்தாழ ஒன்பது மாதம் வளர்த்துக் கன்றுச் சந்தையில் விற்கிறார். அதை வாங்குபவர் சுமார் முப்பது மாத வயது வரை தீவனம் கொடுத்துக் கொழுக்க வைக்கிறார். நகரத்து உணவகத்தில் வசூலாகும் பணம் மலையூர்க்காரரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது? வம்சாவளிச் சீட்டின் வழியாக. கன்றுச் சந்தையில் ஒவ்வொரு கன்றுக்கும் தந்தை, தாயின் தந்தை, பாட்டியின் தந்தை ஆகியோரின் பெயர்கள் சீட்டில் இருக்கும். அந்த வழிக் கன்றுகள் முன்பு எந்தத் தரம் வாங்கின என்பதை வாங்குபவர் அறிவார். அதற்கேற்ற விலை சொல்வார். மற்றொரு மாநிலமான மியேயின் புகழ்பெற்ற மட்சுசாக்கா இறைச்சியில் சிறப்பு வகை என்பது, ஹியோகோவில் பிறந்த கிடாரிக் கன்றை வாங்கி 900 நாளுக்கு மேல் வளர்த்துப் பெறுவது. ஆகவே மட்சுசாக்காவின் புகழும் தாஜிமா மலையூருக்குக் கூலி கொடுக்கிறது.

ஏடு இல்லாவிட்டால் கன்றை எடையும் நிறமும் பார்த்துத் தரகர் மதிப்பிடுவார். லாபம் முழுவதும் அடிவாரத்திலேயே தங்கிவிடும். இந்த ஏற்பாடு இருந்தும் தாஜிமாவில் தாய்ப்பசு வளர்ப்போர் முதுமையடைந்து வருகிறார்கள், எண்ணிக்கையும் குறைகிறது. நல்ல விலை மட்டும் இளைஞரை மலையில் நிறுத்திவிடாது. நல்ல விலையும் இல்லையென்றால் ஒருவரும் நிற்க மாட்டார்.

இனம் ஊரைவிட்டுப் போகும்

1976இல் ஜப்பானிலிருந்து 4 வாக்யு காளைகள் அமெரிக்கா சென்றன. 1990களில் மேலும் பல மாடுகளும் விந்தும் போயின. அங்கிருந்து ஆஸ்திரேலியா. இன்று வாக்யு என்ற சொல் உலகம் முழுவதுக்கும் பொதுச்சொத்து. ஜப்பான் 2020இல்தான் வாக்யுவின் விந்தையும் கருவையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. கோபே என்ற பெயரும் வெளிநாடுகளில் தவறாகப் பயன்பட்டது. உண்மையான கோபே இறைச்சி முதன்முதலாக ஏற்றுமதியானதே 2012இல், மக்காவுக்கு. அதற்கு முன்பு பல நாட்டு உணவகங்களில் கோபே என்று பரிமாறப்பட்டது எதுவோ!

இது நமக்கு நெருக்கமான கதையும்கூட. ஆந்திரக் கடலோரத்து ஓங்கோல் மாடு கப்பலேறிப் பிரேசிலுக்குப் போனது. நெல்லூரின் பெயரால் அங்கே நெலோர் என்று அழைக்கப்படும் அதுவே இன்று அந்த நாட்டு இறைச்சி மாடுகளில் முதன்மையான இனம். உலக மாட்டிறைச்சி ஏற்றுமதியில் முன்னணி நாடொன்றின் செல்வம் அந்த இனத்தின் மீது நிற்கிறது; அதைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த சிற்றூர்களுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. இனத்தை ஓட்டிச் செல்லலாம், மண்ணைப் பெயர்த்துச் செல்ல முடியாது. ஆகவே சட்டப் பாதுகாப்பை இனத்தின் பெயரோடு நிறுத்தாமல் ஊரின் பெயருக்கும் வாங்க வேண்டும்.

ஒரே அளவுகோலின் ஆபத்து

புகழ்ந்து மட்டும் பேசினால் இந்த உரை முழுமை பெறாது. ஜப்பானியத் தர அமைப்பு கொழுப்பின் இழையோட்டத்துக்கு மிகுந்த இடம் கொடுத்தது. எல்லா மாநிலங்களும் அந்த ஒன்றையே குறிவைத்தன. ஒருகாலத்தில் அரிதாயிருந்த ஏ5 என்னும் உச்சத் தரத்தை இப்போது காயடித்த கறுப்பு வாக்யு காளைகளில் பாதிக்கும் மேற்பட்டவை பெறுகின்றன. எல்லோரிடமும் உள்ளதற்கு யார் தனி விலை கொடுப்பார்? அந்தக் கொழுப்பைச் சேர்க்கும் மாவுத்தீவனத்தின் பெரும்பகுதி இறக்குமதி. தீவன விலை ஏறும்போது வளர்ப்பவர் கை சுடுகிறது.

மாற்றுவழியைப் பிரான்சின் மெசான்க் மலைநாடு காட்டுகிறது. அங்கே 'ஃபேன் க்ரா து மெசான்க்' என்ற இறைச்சிக்கு 2006இல் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. 1,100 மீட்டருக்கு மேற்பட்ட புல்வெளிகளில் கோடையில் அறுத்து உலர்த்திய மலைப்புல்லைக் குளிர்காலம் முழுவதும் மாட்டுக்குக் கொடுத்து மெல்லக் கொழுக்க வைக்கிறார்கள். ஊறல் தீவனத்துக்கு இடமில்லை. பிப்ரவரியிலிருந்து கோடைத் தொடக்கம் வரை மட்டுமே விற்பனை. மற்ற மாதங்களில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது. அவர்கள் கொழுப்பின் அளவை விற்கவில்லை. தங்கள் மலையின் புல்லையும் பருவத்தையும் விற்கிறார்கள். இறக்குமதித் தீவனத்தால் இதைப் போலி செய்ய இயலாது. சிறு வட்டாரங்களுக்கு இந்த வழியே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

முடிவுரை

சொன்னவற்றைத் தொகுக்கிறேன். உயர்விலைச் சந்தை தேடும் வட்டாரம் முதலில் தன்னிடம் மட்டுமே உள்ளது எது என்று தெளிய வேண்டும்: இனமா, புல்லா, பருவமா, வளர்ப்பு முறையா? இரண்டாவதாக, வளர்ப்பவர், வெட்டுநர், வணிகர், சமையற்காரர் ஒன்றுகூடி விதி எழுத வேண்டும். விதியில் சேராத மாட்டுக்கும் ஓர் இரண்டாம் படி வைக்க வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு மாட்டுக்கும் ஏடு வேண்டும். நான்காவதாக, முழு மாட்டையும் விற்கும் சமையல் வழி வேண்டும். ஐந்தாவதாக, ஊர்ப்பெயருக்குச் சட்டக் காப்பு வேண்டும். இவற்றுள் எதையும் ஓர் அரசாணையாலோ ஒரு விளம்பரத்தாலோ பெற முடியாது. கோபே இன்றும் ஆண்டுக்குச் சில ஆயிரம் மாடுகள் அளவிலான சிறிய சந்தைதான். சிறியதாக இருக்கச் சம்மதித்ததால்தான் அது விலையுள்ளதாக இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் கால்நடை மருத்துவர்களாகச் சிற்றூர்களுக்குப் போவீர்கள். இறைச்சிக்கோ பாலுக்கோ உழவுக்கோ, எந்தப் பயனுக்கு வளர்க்கும் உள்ளூர் இனமானாலும், ஊசி போட்டுத் திரும்பிவிடாதீர்கள். அந்த மாட்டின் தாய் எது, தந்தை எது, எந்த மேய்ச்சலில் வளர்ந்தது என்று கேட்டு எழுதுங்கள். வளர்ப்பவரையும் எழுதப் பழக்குங்கள். இந்தியாவில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது; அதன் முன் வைக்க ஏடு வேண்டும். அந்த ஏட்டைத் தொடங்கும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்து அமர்கிறேன்.